நீதியைப் பற்றிப் படம் காட்டப் போன இடங்களில்

கல்யாணத்துக்கு ஆள் சேர்ப்பது சுலபம். கொலை, வழக்கு, வன்கொடுமை என்று படம் காட்டிப் பேசுவதற்கு ஆள் சேர்ப்பது அப்படியல்ல. பாளையங்கோட்டையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பல வருஷமாக இதைச் செய்து வருகிறோம். மாதம் ஒரு ஊர், ஒரு குறும்படம், ஒரு பேச்சாளர். புரொஜக்டரும் மைக்கும் என் பொறுப்பு. காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் அஞ்சு நிமிஷத்தில் ஆரம்பித்துவிடலாம்" என்று அரை மணி நேரம் அறிவித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

மண்டபம் கேட்கப் போனது

சாதி மாறிக் காதலித்ததற்காகக் கொல்லப்பட்ட ஒரு பையனைப் பற்றிய படம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் காட்டுவதற்காக, சமுதாயக்கூடத்தின் பொறுப்பாளரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷர். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுத்தார். சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருவிலேயே அப்படி ஒரு சாவு நடந்ததாம். "பெத்தவ இன்னும் வெளிய தலைகாட்டல, பாவம்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எழுந்து போய்ச் சாவியை எடுத்து வந்தார். ஆனால் என்னிடம் நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீய. படத்துல சாவுத பய எந்த ஆளுவ?"

ஓய்வுபெற்ற நீதிபதி வந்த அன்று

முக்கூடலில் கூட்டம். தாமதமாகும் நீதியைப் பற்றி ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பேசினார். 'நீதிபதி வருகிறார்' என்று பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியது நான்தான். முதல் வரிசையில் பீடி சுற்றும் அம்மா ஒருவர், மடியில் ஜவுளிக்கடைப் பையோடு, பேச்சு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மேடையேறிப் பையை மேஜையில் கவிழ்த்தார். எல்லாம் வழக்குக் காகிதங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த தகராறில் அவருடைய ஒரே மகனைக் குத்திக் கொன்றிருக்கிறார்கள். வழக்கு தள்ளிப் போய்க்கொண்டே இருக்க, சாட்சிகளில் ஒருவர் செத்தே போனாராம்.

நீதிபதி பதறிவிட்டார். "அம்மா, நான் ரிட்டயர் ஆயிட்டேன். இது வெறும் பேச்சுக் கூட்டம்மா" என்றார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப இங்கனயும் அடுத்த வாய்தாதானா, ஐயா?"

வாசிக்காத சீட்டு

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்குள் நடக்கும் அடி உதையைப் பற்றிய படத்தை உடன்குடியில் காட்டினோம். பெண்கள் நிறைய வந்தார்கள். மைக்கில் பேசக் கூச்சப்படுவார்கள் என்று, எங்கள் குழுவில் இருக்கும் மேலப்பாளையம் வக்கீல் பாத்திமா எல்லோருக்கும் துண்டுச் சீட்டுக் கொடுத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதச் சொன்னார். அதை நான் வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேச்சாளர் பெரிய ஆள். நேரம் போவது தெரியாமல் பேசினார். எங்களுக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். "கேள்விகளுக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்கிறோம்" என்று அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தேன்.

மறுநாள் காலை வீட்டில் மைக் பையைப் பிரித்தபோது சீட்டுகள் கிடைத்தன. ஜீவனாம்சம் கிடைக்குமா, பிள்ளை யாரிடம் இருக்கும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது: "இன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு. கூட்டம் முடிஞ்சதும் மேடைப் பக்கம் நிக்கேன். பச்சைச் சேலை."

அவளைப் பார்த்தேனே! நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பச்சைச் சேலை பக்கத்தில் வந்து நின்றது. நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வயர் கிடக்கு" என்றேன். தள்ளி நின்றாள். அப்புறம் ஆளைக் காணவில்லை.

அன்றைக்கே பாத்திமாவும் நானும் உடன்குடிக்குப் போனோம். வெளிப்படையாக விசாரித்தால் அந்தப் பெண்ணுக்கே ஆபத்தாகிவிடும். ரேஷன் கடை, பள்ளிக்கூட வாசல், மகளிர் குழு என்று ஏதேதோ சாக்குச் சொல்லி இரண்டு நாள் சுற்றினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் யார், என்ன ஆனாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பாத்திமா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில், என் கையிலிருந்த சீட்டை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"இனிமே மொதல்ல சீட்டு, பொறவுதான் பேச்சாளரு, அண்ணாச்சி."

படம் முடிந்த பிறகு

மணிமுத்தாறு பக்கம் காட்டிய படத்தில், கொலை செய்தவன் தண்டனை முடிந்து வந்து, செத்தவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்டு அழுவான். பார்த்தவர்களும் அழுதார்கள். கூட்டம் கலைந்த பிறகு, அறுபது வயதுக்காரர் ஒருவர் பின்தங்கி நின்று, கேட்காமலே எனக்குத் திரையை இறக்கித் தந்தார். வயல் வரப்புச் சண்டையில் கூடப்பிறந்த அண்ணனையே வெட்டிவிட்டு, ஜெயிலில் தண்டனை முழுவதையும் கழித்தவர் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். படம் எப்படி இருந்தது என்று கேட்டு வைத்தேன். அவர் திரையைச் சுருட்டி முடித்துக் கட்டிய பிறகுதான் பதில் சொன்னார்:

"நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல அந்தம்மா கதவைத் தொறந்துட்டாவ. நானும் எங்க மதினி வீட்டு வாசல்ல போயி நின்னேன், தொறக்கல. அவிய தொறக்காததும் சரிதான்னு ஒரு படம் இருந்தா, அடுத்த மட்டம் கொண்டாங்க."

பேசத் தெரிந்தவர்களை மேடையிலும், பேச விஷயம் உள்ளவர்களைக் கீழேயும் உட்கார வைத்ததுதான் இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒழுங்காகச் செய்த ஒரே ஏற்பாடு.