ஜவ்வரிசி என்று சொல்லிக் கொடுத்த பெலங்காஸ்

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் பினாங்கில் ஜெலுத்தோங் கடலோரமாகக் குடியிருந்தோம். ரயில் பாதை போடவென்று அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு தகவலும் இல்லை. அவர் திரும்பும்வரை கவுச்சி தொடுவதில்லை என்று அம்மா தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அரிசியே கண்ணில் படாத காலத்தில் இப்படி ஒரு விரதம்! மரவள்ளிக்கிழங்கையே தின்று அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். மீனோ முட்டையோ சாப்பிடாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லிவிட்டார். எனக்குப் பதினொரு வயது. முருகன்மேல் அப்படி ஒரு கோபம்.

ஒருநாள் அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக், தன் புருஷன் வலையில் சிக்கிய பெலங்காஸ் என்ற லாட நண்டு இரண்டைக் கொண்டுவந்தார். கவிழ்த்த சட்டி மாதிரி ஓடு, அடியில் கொத்தாகக் கால்கள், பின்னால் ஊசி வால். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

“ஐயய்யே, தேளுக்கு அண்ணன் மாதிரில்ல இருக்கு! இதையா திங்கப் போறீங்க?”

மக்சிக் வாலைத் தடவிப் பார்த்தார். “வால் உருண்டையா இருந்தா விஷம். இது மூணு பட்டை. சாப்பிடலாம் லா.”

மல்லாக்கப் போட்டுச் சுட்டு ஓட்டைத் திறந்தால், உள்ளே சதை என்று ஒன்றுமில்லை, மணிமணியாக முட்டைதான். மூக்கைப் பொத்தியவர்களே ஆளுக்கொரு வாய் வாங்கித் தின்றார்கள்.

என் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தேங்காய்ப்பாலில் போட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

“என்னடி இது?”

“ஜவ்வரிசிம்மா. பாசார்ல கிடைச்சிச்சு.”

“உப்புக் கரிக்குதே?”

“வீட்ல உப்பு இல்லம்மா. அதான் கடல் தண்ணி ஊத்தினேன்.”

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். மக்சிக் கொண்டுவரும்போதெல்லாம் இப்படியே ஏமாற்றினேன். வீக்கம் வற்றி, எழுந்து நடமாடவும் தொடங்கினாள். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

“சாமியா உன்னக் காப்பாத்திச்சு? நான் குடுத்த பெலங்காஸ் முட்டைதாம்மா காப்பாத்திச்சு!”

அம்மா அடிக்கவில்லை, திட்டவுமில்லை.

“உங்கப்பாவுக்கு என்ன ஆகப்போவுதோ” என்று மட்டும் சொன்னாள்.

விரதம் கெட்டதற்குப் பரிகாரமாக அன்றிலிருந்து ஒருவேளைக் கிழங்கோடு நிறுத்திக்கொண்டாள். நான் காலைப் பிடித்துக்கொண்டு அழுதும் கேட்கவில்லை. கால் மறுபடி வீங்கியது. ஜப்பான்காரன் சரணடையச் சில வாரங்கள் இருக்கும்போது போய்ச் சேர்ந்தாள். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது தன்னால்தான் என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தாள்.

மக்சிக் என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சண்டை முடிந்த பிறகு, அப்பாவோடு சயாமில் இருந்த ஒருவர் அங்கே என்னைத் தேடி வந்தார். அப்பா போன முதல் மழைக்காலத்திலேயே காலராவில் இறந்துவிட்டாராம். நான் அம்மாவிடம் முதல் கிண்ணத்தை நீட்டியபோது அவர் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

வந்தவர் பேசி முடிப்பதற்குள் நான் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடினேன். உன்னால் இல்லையம்மா என்று சொல்லத்தான் ஓடினேன். கதவைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.