மாதாவைக் கண்டால் நிற்கும் நீனா

குதிரைப் பயணத்தில் கடைசியாக வருகிற வழிகாட்டிக்கு ஆறு நாளும் தெரிவது வால்களும் முதுகுகளும்தான். ஆட்களோடு கதைத்துப் பிழைக்க வேண்டிய கூச்சக்காரர் நீங்களும் என்றால், அது எவ்வளவு நிம்மதி என்று விளங்கும்.

தீவுக்காரி

பலெர்மோவில் படிப்பு முடிந்திருந்தது. வேலை ஒப்பந்தம் கிடைத்தால்தான் படிப்புக்குத் தந்த பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, வேலைக்கென மாற்றலாம். அங்கே அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் இருக்கும் யோகன் அண்ணை, சிசிலியின் உள்மலைகளில் குதிரைப் பயணம் நடத்தும் சல்வோவிடம் சாமான் வான் ஓட்டுகிறார். இவள் நெடுந்தீவுப் பிள்ளை, அங்கை தெருவெல்லாம் குதிரை என்று அவரிடம் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். குளிர்காலம் முழுக்க நீனா என்ற கிழட்டுக் குதிரையில் பழகினேன். வசந்தத்தின் முதல் பயணம் எனக்குப் பரீட்சை, தேறினால் ஒப்பந்தம்.

ஊர்க் குதிரைகளை நான் தூரத்தில்தான் கண்டிருக்கிறேன் என்று யோகன் அண்ணையிடம் அவருடைய வானில் போகும்போது ஒப்புக்கொண்டேன். "அதை நீ சொன்னாத்தானே தெரியும். நீதான் வாயே திறக்கமாட்டியே," என்றார்.

அந்த மலையின் பெயர்

வந்த ஆறு பேரில், மிலானோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை கார்லா எல்லாவற்றுக்கும் பெயர் கேட்பார். இரண்டாம் நாள் எதிரே தெரிந்த மலையின் பெயரை என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்ததில் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டேன். மாலையில் சேணம் கழற்றியபடி சல்வோ கோபமில்லாமல் சொன்னார்: "கதைக்காமல் இருக்கிறதுக்கு என்னட்டை எட்டுக் குதிரை இருக்கு, பிள்ளை."

கடிவாளத்தை விட்ட கை

மூன்றாம் நாள், தன் குதிரை துள்ளுகிறது என்று கார்லா முறையிட, நீனாவை அவருக்குக் கொடுத்து அவருடையதில் நான் ஏறினேன். வழியோரத்தில் கல்மேடையில் வைத்த மாதா சிலை, ஒரு சுருவம், வந்ததும் நீனா நின்றுவிட்டது. குளிர்காலத்தில் ஒவ்வொரு சுருவத்திலும் நிறுத்திச் சிலுவை அடையாளம் போட்டுத்தான் போவேன். கடிவாளத்தை விட்ட கை நெற்றிக்குப் போய்த் திரும்ப வரும்வரை அது அசையாது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கார்லா குதிகாலால் தட்டினார், கெஞ்சினார். ஒவ்வொரு சுருவத்திலும் சல்வோ இறங்கி வந்து இழுத்தார். மூன்றாவதில், காரணத்தை மெல்லிய குரலில் கார்லாவிடம் சொன்னேன்.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையெண்டு இந்தக் குதிரைக்கு ஆராவது சொல்லுங்கோ," என்றார்.

மூடுபனி

ஐந்தாம் நாள் மலைமுதுகில் மூடுபனி இறங்கியது. முன்னால் போகிற வால்கூடத் தெரியவில்லை. நேரே வாருங்கள் என்று சல்வோவின் குரல் மட்டும் கேட்டது. நீனா திரும்பவும் நின்றுவிட்டது என்று அதன் மேலிருந்த கார்லா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மலைமுதுகில் ஒரே ஒரு சுருவம்தான் உண்டு. அந்த இடத்தில் பாதை இடப்பக்கம் பண்ணைவீட்டுக்குத் திரும்பும். நேரே போனால் பள்ளம். முதன்முறையாக ஏழு பேர் கேட்கக் கத்தினேன்: "சல்வோ, நேரே போகாதேங்கோ. இதிலை மாதா நிக்கிறா."

அவர் இறங்கித் தடவிக்கொண்டு வந்தார். கை சுருவத்தின் கல்லில் பட்டது. நான் கார்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீனா இன்னும் அசையவில்லை. கார்லாவின் கை மெல்ல நெற்றிக்குப் போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இது குதிரைக்காக மட்டும்," என்றார்.

கருத்துத் தாள்

ஆறாம் நாள் பலெர்மோவுக்குத் திரும்பினோம். வியா மக்வேதா தெருவில் ஒரு கோப்பிக்கடையில் இருந்து எல்லாரும் கருத்துத் தாள் நிரப்பினார்கள். கார்லா எழுதியதை சல்வோ எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்: "கடைசியில் வருபவள் மலைக்குப் பெயர் சொல்லமாட்டாள். ஆனால் அவள் நில் என்றால் நில்லுங்கள்."

எனக்குக் கிடைத்த ஒரு வருட ஒப்பந்தத்தில், வழிகாட்டி என்ற இடத்தில் நீனாவின் பெயர் இல்லாமல் என் பெயர் இருப்பது ஏன் என்று பெர்மெஸ்ஸோ கொடுக்கும் குவெஸ்தூராவில் இதுவரை யாரும் கேட்கவில்லை.