அண்ணன் சொல்லாத ஆமென்

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ ஆலிவ் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அந்த வாசனையில் எங்கள் பழைய கடலூர் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். எனக்குப் பதினொரு வயது. பாஸ்டர் வீட்டுக்கே வந்து, காலேஜில் படித்துக்கொண்டிருந்த அண்ணனின் நெற்றியில் அதே எண்ணெயைப் பூசினார்.

"ஆம்பளை மேல ஆசைப்படறது பாவம் தம்பி. வேணாம்னு நீதான் முடிவு பண்ணணும்."

"நானா முடிவு பண்ணி இது வரலீங்க ஐயா. போயிடணும்னு அஞ்சு வருஷமா முட்டி போட்டுக் கேக்குறேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமென் சொல்லுடா" என்றார் அப்பா. அண்ணன் சொல்லவில்லை. மறுநாளே சென்னைக்குப் போய்விட்டான்.

இப்போதும் மாதம் ஒருமுறை என்னோடு பேசுகிறான். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதேயில்லை. அவன் டைரியை எடுத்துக் கொடுத்தது நான்தான்.