அண்ணனின் மூன்று துப்பாக்கிகள்

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மூன்று துப்பாக்கி வைத்திருக்கிறான் என்பது மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஓலைவெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடியவன் அவன். என்னைவிட இரண்டே வயது மூத்தவன்.

நான் குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அன்று காலை டூட்டி முடிந்து மத்தியானம் ரூமுக்கு வந்து யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை, மதினி போன் அடித்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"பிள்ளே, ஒங்க அண்ணன் தூங்கி நாலு நாளாச்சு. வேலை போனதுலருந்தே சரியில்ல. கவர்மென்ட் நம்ம வீட்டைக் கவனிக்குதுன்னு ஜன்னல் பூரா பேப்பர் ஒட்டி வெச்சிருக்காங்க. எனக்கு ஒங்க அண்ணனைப் பார்த்துப் பயமில்ல. அலமாரியைப் பார்த்தாத்தான் பயமாயிருக்கு."

"அலமாரியில என்ன மதினி?"

அப்போதுதான் சொன்னார்.

அடுத்த மூன்று வாரம் டூட்டி முடிந்ததும் எனக்கு அதுதான் வேலை. அண்ணனுக்குப் போன் போட்டு, டாக்டரைப் பார் என்று கெஞ்சுவேன்.

"பார்த்தா ரெக்கார்டுல ஏறும். ஏறினா கவர்மென்ட்டுக்காரன் துப்பாக்கியை எடுத்துட்டுப் போவான்."

"போகட்டுமே. நல்லதுதானே."

"ஒனக்குப் புரியாது. கவர்மென்ட் சொன்னா ஒடனே விரலை நீட்டி ரேகை வைக்கிற நாட்டுல இருக்கே நீ. இன்னைக்குத் துப்பாக்கியை எடுப்பான், நாளைக்கு வீட்டுக்குள்ள வருவான்."

"வந்து என்னத்தை எடுப்பான்? அந்த ஓட்டை சோபாவையா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் குரலைத் தாழ்த்தி, இந்தப் போனையும் கேட்கிறார்கள் என்றான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவனுடைய பயத்தில் எது நோய், எது அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் பேசுகிற பேச்சு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இத்தனை வருடம் நோயாளிகளோடு இருந்தும் பிரிக்க முடியவில்லை.

போலீஸைக் கூப்பிடுங்கள் என்று மதினியிடம் சொன்னேன்.

"கையில துப்பாக்கியோட ஒரு கறுத்த ஆளு நின்னா போலீஸ் மொதல்ல என்ன செய்யும்னு தெரியுமா பிள்ளே?" என்று கேட்டார். கோர்ட்டுக்காவது போங்கள் என்றேன். சில மாநிலங்களில் கோர்ட்டில் எழுதிக் கொடுத்தால் துப்பாக்கியை வாங்கி வைப்பார்களாம். இவர்கள் மாநிலத்தில் அந்தச் சட்டமும் இல்லையாம். என்ன நாடு இது என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலையாளி சிஸ்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் அண்ணன் திருப்பிக் கேட்டான். "மாப்பிள்ளை செத்தப்ப நீ மட்டும் டாக்டரைப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. என் கணவர் இறந்த வருடம் மாதக்கணக்கில் தூங்காமல், வார்டில் துணி வைக்கும் அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து நோயாளிகளுக்கு ஊசி போட்டேன். மனநல டாக்டர் இரண்டு மாடி மேலேதான் இருந்தார். ஃபைலில் ஏறினால் கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டார்கள், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் படியேறவில்லை. அப்படி அனுப்புவார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விசாரித்துப் பார்க்கவும் பயம்.

"பார்க்கல," என்றேன். "ஆனா என் அலமாரியில சேலைதான் இருந்துச்சு அண்ணே."

அவன் போனை வைத்துவிட்டான்.

கடைசியில் மதினிதான் ஒரு காரியம் செய்தார். எதிர்வீட்டுக்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வயதான வெள்ளைக்காரர். அண்ணனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அரசாங்கம் என்றாலே கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர். மதினிக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று நினைத்தேன்.

அந்த மனிதர் மறுநாள் பகலிலேயே வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாராம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தம்பி இப்படித்தான் தூங்காமல் இருந்தான், ஒருநாள் சுட்டுக்கொண்டான் என்று சொன்னாராம். "நீ ஒழுங்காத் தூங்குற வரைக்கும் துப்பாக்கி மூணும் என்கிட்ட இருக்கட்டும். கவர்மென்ட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடப் போகாது."

அண்ணன் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டான். கூடப் பிறந்தவள் மூன்று வாரம் தொண்டை வற்றக் கத்தி நடக்காதது, அரைமணி நேரத்தில் நடந்தது. சந்தோஷப்பட வேண்டிய எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவர்தான். மாத்திரை ஆரம்பித்த பிறகு, மெதுவாக, ஜன்னல் பேப்பர்கள் இறங்கின. இப்போது வேறு வேலைக்கும் போகிறான்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். துப்பாக்கியைக் கேட்டானாம். அந்தப் பெரியவர், இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"கவர்மென்ட்டைவிட மோசமா இருக்கான் அந்த ஆளு. எம் பொருளை எனக்கே தர மாட்டேங்கான்!"

"நல்லா வேணும் ஒனக்கு," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். டூட்டிக்கு நேரமாகியிருந்தது.