மாற்றிக் கட்டிய கேமரா

தர்லிஸைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். எழுதும் அளவுக்கு அவன் எதுவும் செய்துவிடவில்லை. கெரிஞ்சி மலையடிவாரத்தில் அவனைப் போல ஆயிரம் பேர் லவங்கப்பட்டை உரித்து, உருளைக்கிழங்கு தோண்டி, மழையில் நனைந்து, சத்தமில்லாமல் செத்துப்போகிறார்கள். நான் எழுதுவதற்கு ஒரே காரணம்தான். அவன் குடும்பம் கெட்டது என் கையால்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சாப்ரில் என்றால் இந்தப் பள்ளத்தாக்கில் தெரியாதவர் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. காட்டுக்கு வந்த படித்தவர்களின் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தவன். அவர்கள் புலிக் கணக்கெடுப்புக்காக, தானே படமெடுக்கும் கேமராவை மரத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் இலையும் குரங்கின் வாலும்தான் பதிவாகியிருக்கும். நான் மூட்டையை இறக்கிவைத்து, "ஐயா, முழங்கால் உயரத்துக்குக் கட்டுங்க" என்றேன். சிரித்தார்கள். அந்த முறையே ஒரு முழுப் புலி பதிவானது. பன்னிரண்டு வருடத்தில் இந்தக் காட்டில் கேமரா கட்டும் எல்லாக் குழுவுக்கும் நான் தலைவன். இன்றைக்குப் பட்டம் வாங்கி வருகிறவன் என் கையைப் பார்த்துத்தான் வேலை கற்கிறான்.

காட்டுக்குள் நாங்கள் புலி என்ற பெயரைச் சொல்ல மாட்டோம். பெரியவர் என்போம். இது காகிதம் என்பதால் புலி என்றே எழுதுகிறேன்.

தர்லிஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், பன்னிரண்டு வயதிலேயே கேளையாட்டுக்குக் கண்ணி வைப்பதில் கெட்டிக்காரன். இருபத்திரண்டில் யுஸ்னிமாரைக் கட்டி அவள் வீட்டுக்கு வந்தான். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்களுடையது, பேச்சு அவர்கள் அண்ணனுடையது. பிள்ளைகளுக்கு அப்பனைவிடத் தாய்மாமன்தான் பெரிது. வந்த மாப்பிள்ளை எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளி. அந்த வீட்டுத் தாய்மாமன் மார்தியாஸ். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. அவன் இருமினால் வீடே அடங்கும்.

அந்த வீட்டில் பத்தொன்பது வருடம் தர்லிஸ் குரலை உயர்த்தியதில்லை. அவனுக்கென்று அங்கே இருந்தது ஒரே மகள், தெஸ்வீத்தா. அவன் காட்டிலிருந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். அவளோடு உட்கார்ந்து சாப்பிடும் அந்த இடத்துக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான். இதை அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

கண்ணி வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் கேமரா வைக்கவும் தெரியும். மிருகம் எங்கே காலை வைக்கும் என்பதுதான் இரண்டுக்கும் கணக்கு. அதனால் அவனைச் சேர்த்தேன். ஒரே வாரத்தில் வேலையைப் பிடித்துக்கொண்டான். பாதைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, புலியின் இரண்டு விலா வரிகளும் படத்தில் விழுகிற மாதிரி. நேருக்கு நேர் வைக்கக் கூடாது, ஒன்றின் வெளிச்சம் மற்றதைக் குருடாக்கும். கிழக்கு மேற்கு பார்த்து வைக்கக் கூடாது, வெயில் ஏறினாலே வெறும் படமாக எடுத்துத் தள்ளும். முன்னால் இருக்கும் பெரணியை வேரோடு பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றடிக்கும்போதெல்லாம் படம். அங்கே நின்று கிராம்புச் சிகரெட் பிடிக்கக் கூடாது. எல்லாம் செய்தான். ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன் என்றான்.

கேமராவைக் கட்டி முடித்ததும் ஒரு ஆள் அதற்கு முன்னால் நாலு காலில் தவழ்ந்து போக வேண்டும். சிவப்பு விளக்கு மினுக்கினால் சரியாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் காட்டுக்குள் நாலு காலில் நடப்பது பெரியவரைக் கேலி செய்வது. குழந்தையைக்கூட அங்கே தவழ விட மாட்டார்கள்.

"அண்ணே, இது மட்டும் வேணாம்ணே. குனிஞ்சு போறேனே."

"நீ குனிஞ்சு போனா கேமராவுக்கு நீ பன்னியா, மனுசனான்னு தெரியாது. தவழுடா."

"பெரியவருக்குத் தெரிஞ்சா..."

"பெரியவரு வந்து உன்னைப் பாத்துட்டு, ஐயோ இவ்வளவு அசிங்கமா என் சொந்தக்காரன்னு ஓடிப்போவாரு. தவழு."

எங்கள் குழுப் பையன் ஜுப்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தர்லிஸ் தவழ்ந்தான். கண்ணில் தண்ணீர். அந்தப் படத்தை ஜுப்ரி கைப்பேசியில் எடுத்துப்போய் ஊரெல்லாம் காட்டினான். ஆறு மாதம் அவனுக்குப் பெயரே "பெரியவர் மருமகன்". பையன்கள் அவன் போகும் பாதையில் உறுமுவார்கள். அதை நான் தடுக்கவில்லை. என்னையும் இப்படித்தான் ஆக்கினார்கள், நான் உடைந்தா போனேன்?

இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம் ஒரு விஷயம் என்னை அரிக்கத் தொடங்கியது. கேமராவில் வேட்டைக்காரன் ஒருவன்கூட விழவில்லை. ஆனால் கம்பிக் கண்ணிகள் கிடைத்தன. கிடைத்ததெல்லாம் கேமராவுக்கு நூறு அடி தள்ளி, முதுகுப் பக்கத்தில். கேமரா எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தவன் வைத்த கண்ணி அது. யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு யோசிக்க அரை நாள்கூட ஆகவில்லை.

முகாமில் காப்பி இலைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சாதாரணமாகக் கேட்டேன்.

"ஏண்டா, காட்டுக்குக் கிளம்பறப்ப வீட்டுல என்ன சொல்லிட்டு வருவே?"

"எங்க போறேன்னு சொல்லிட்டு வருவேண்ணே."

"எங்கன்னா?"

"எந்த மேடு, எந்த ஓடை, எந்த மரம். எல்லாந்தான். மச்சான்கிட்ட சொல்லாம எப்படி? நாளைக்கு நான் திரும்பலைன்னா தேடி வரவேண்டியது அவருதானே."

பொய் இல்லை. எங்கள் வழக்கம் அது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை காட்டில் செத்தால் அந்த உடலுக்கு மனைவியின் அண்ணன்தான் பொறுப்பு. அதனால் போகும் இடத்தை அவனிடம் சொல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. ஒரு வார்த்தை ஒளிக்கக் கூடாது. தர்லிஸ் அந்த வழக்கத்தைப் பத்தொன்பது வருடம் ஒரு நாள்கூட விடாமல் செய்து, என் கேமராக்கள் அத்தனையையும் மார்தியாஸிடம் ஒப்பித்திருக்கிறான். அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. மச்சான் காட்டுக்குப் போவது பட்டைத் தோட்டத்தைப் பார்க்கத்தான் என்று நம்பியிருக்கிறான்.

"இனி சொல்லாதே" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மார்தியாஸ் உஷாராகிவிடுவான். மறு வாரம் தர்லிஸ் கட்டிவிட்டு வந்த ஒரு ஜோடி கேமராவை, அவன் வீட்டில் இருந்த நாளில், நானும் ஜுப்ரியும் போய்க் கழற்றி அடுத்த மேட்டில் கட்டினோம். அன்றைக்குத் தவழ்ந்தது நான். அறுபது வயதில். விளக்கு முதல் தடவையிலேயே மினுக்கியது.

ஐந்து வாரம் கழித்து மூவரும் படம் பதிந்த கார்டை எடுக்கப் போனோம். பழைய மரத்தில் கேமராவைக் காணாமல் தர்லிஸ் திகைத்தான். "வா" என்று மட்டும் சொல்லி மேட்டுக்குக் கூட்டிப்போனேன். கிட்டே போகும்போதே நாற்றம். கேமராவுக்கு எதிரே ஒரு மரம், அதைச் சுற்றி வட்டமாக மண் உழப்பட்டிருந்தது. புல் ஒன்று இல்லை. ஆள் உயரத்துக்கு மரப்பட்டை கிழிந்து தொங்கியது. வட்டத்தின் நடுவே அறுந்த கம்பித் துண்டு.

முகாமில் கார்டைப் போட்டுப் பார்த்தோம். முதல் படத்தில் நான் தவழ்கிறேன். தர்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்து காட்டுப்பன்றி, கேளையாடு, மறுபடி பன்றி. பிறகு காலை பத்து மணி வெயிலில் மார்தியாஸ். தோளில் மூன்று புரிக் கம்பி. பாதையைக் குனிந்து பார்க்கிறான், கண்ணி வைக்கிறான், இலையைப் பரப்புகிறான். ஒரு படத்தில் கேமரா பக்கமே முகம். கேமராவைப் பார்க்கவில்லை, வியர்வையைத் துடைக்கிறான்.

ஒன்பதாம் நாள் பெண்புலி ஒன்று அந்தக் கண்ணியில் விழுந்தது. முன்னங்கால்.

அசைந்தால் படம் எடுக்கும் பெட்டி அது. அதற்கு வேறு எதுவும் தெரியாது. அவள் இழுக்க இழுக்க எடுத்தது. பல்லால் தன் காலையே கடித்தாள், எடுத்தது. நக்கினாள், எடுத்தது. மழையில் படுத்து வாயைத் திறந்து தண்ணீர் பிடித்தாள், அதையும் எடுத்தது. நாலு நாளில் இரண்டாயிரத்துக்கு மேல் படங்கள். கடைசி நாள் படங்கள் குறைந்துவிட்டன, அசைவு குறைந்துவிட்டது. அப்புறம் மார்தியாஸும் இன்னும் இரண்டு பேரும் ஈட்டியோடு வந்தார்கள். ஒரு படத்தில் மார்தியாஸ் சிரிக்கிறான்.

ஜுப்ரி எழுந்து வெளியே போனான். தர்லிஸ் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மச்சான் மூஞ்சி தெரியிறது ஏழு படந்தாண்ணே. அந்த ஏழை மட்டும் அழிச்சிடுங்க. மத்ததெல்லாம் குடுங்க. கூட வந்தவனுங்களப் பிடிக்கட்டும்."

"நாலு நாள் அது கிடந்து செத்திருக்கு, பாத்தேல்ல?"

"பாத்தேண்ணே. எனக்கும் வயிறு எரியுது. ஆனா நான் எங்கண்ணே போவேன்? வீட்டுல என் பொண்ணு இருக்கு."

"என் வாழ்க்கையில ஒரு படத்தை அழிச்சதில்லடா நான். உன் மச்சானுக்காக ஆரம்பிக்கவா?"

அன்றே கார்டை வனக் காப்பகத்துக்காரர்களிடம் கொடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் இருப்பது அடுத்த விஷயத்தில். மார்தியாஸைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன மறுநாள், தர்லிஸ் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். என் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அவன் துணிகளும் வெட்டுக்கத்தியும் படியின் கடைசிப் பலகையில் கிடந்தன. எங்கள் ஊரில் அதற்குமேல் யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. இருந்தாலும் யுஸ்னிமாரின் அக்காள் மேலே நின்றுகொண்டு தெருவுக்கே கேட்கும்படி திறந்தாள்.

"ஓடைக்கிட்ட, அத்திமரத்துல கட்டினேன்னு எங்கண்ணன்கிட்ட சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் அக்கா. அங்கதான் கட்டினேன்."

"அப்புறம் மேட்டுக்கு எப்படி நடந்து போச்சு? கேமராவுக்குக் கால் முளைச்சுச்சா? மிருகத்துக்கு வைக்கிற கண்ணி பத்தாதுன்னு எங்கண்ணனுக்கு ஒரு கண்ணியா? இந்த வீட்டு அரிசியத் தின்னுட்டு!"

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா."

"நாலு கால்ல தவழ்ந்தவன் சத்தியம் எதுக்கு ஆகும்!"

தெரு சிரித்தது. யுஸ்னிமார் ஜன்னலில் நின்றாள், பிறகு நிற்கவில்லை. தெஸ்வீத்தா வெளியே வரவே இல்லை.

தர்லிஸ் திரும்பி வண்டியில் இருந்த என்னைப் பார்த்தான். மாற்றிக் கட்டியது நான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். நான் இறங்கவில்லை. வழக்கு முடியும்வரை பேசக் கூடாது என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் அதற்காக நான் உட்கார்ந்திருக்கவில்லை. முப்பது பேர் அங்கே வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். பயம்.

கேமரா வைக்கும் அறையில் அவனுக்குப் படுக்க இடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வழக்கு வந்தது. கூண்டில் ஏறி, எங்கே, எப்படி, யாருக்கும் தெரியாமல் எப்படி மாற்றிக் கட்டினேன் என்று ஒரு மணி நேரம் சொன்னேன். நீதிபதியே தலையாட்டினார். மார்தியாஸின் வீட்டார் எல்லாரும் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். இனி தர்லிஸைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவனும் நினைத்தான். மூன்று வெள்ளிக்கிழமை குளித்துச் சட்டை மாற்றி அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை. நாலாவது வெள்ளியிலிருந்து உட்காரவில்லை.

மூன்று வருடம் கழித்து அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. மார்தியாஸ் தண்டனை முடிந்து திரும்பியிருந்தான். தெஸ்வீத்தாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க, உயிரோடிருக்கும் தகப்பன்தான் வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குத் தாய்மாமன் செல்லாது. தர்லிஸ் நீல நிறத்தில் புதுச் சட்டை எடுத்தான். அவன் சிரித்ததை அன்றுதான் மறுபடி பார்த்தேன். "கூட உக்காந்து சாப்பிடுவாண்ணே" என்றான்.

நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ஒப்புக்கொடுக்கும் வார்த்தைகளைத் தர்லிஸ் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தான். மாப்பிள்ளைப் பையன் அவன் கையை முத்தமிட்டான். எல்லாரும் துஆ ஓதினார்கள். பிறகு பாய்களை விரித்து, மூங்கில் குழாயில் வேகவைத்த சோறும் இடித்துச் சுட்ட மாட்டிறைச்சியும் வைத்தார்கள். ஒருவர் ஒருவராக உட்கார்ந்தார்கள். தர்லிஸ் உட்காரப் போன இடத்தில் ஒரு பையன் தண்ணீர்க் குடத்தை வைத்தான். அடுத்த இடத்தில் "ஆள் வருது" என்றார்கள்.

என்னால் பொறுக்கவில்லை. இந்த முறை நான் மார்தியாஸின் முன்னால் போய் நின்றேன்.

"கேமராவை மாத்தினது நான். அவனுக்குத் தெரியாது."

மார்தியாஸ் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"தெரியும் சாப்ரில் அண்ணே. கோர்ட்டுல மாரைத் தட்டிக்கிட்டு நீங்களே சொன்னீங்களே. நல்லா சொன்னீங்க."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குடா அவனை இப்படி?"

"உங்களை நான் என்ன பண்ண முடியும்? நீங்க பெரிய ஆளு. உங்களை எந்த வீட்டுலேர்ந்து துரத்துறது? எனக்கும் யாரையாவது துரத்தணுமில்ல. அவன் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தான்." இறைச்சித் தட்டை என் பக்கம் தள்ளினான். "நீங்க உக்காருங்க. உங்களுக்கு இடம் இருக்கு."

நான் உட்காரவில்லை. வெளியே வந்தேன். தர்லிஸ் வாசலுக்கு வெளியே, பாதை ஓரத்தில் நின்றான். தெஸ்வீத்தா கல்யாண உடையோடு இறங்கி வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம்.

"வழியில சாப்பிட்டுக்கங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. மேலே மாமன் நிற்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியேறிவிட்டாள்.

"வண்டியில ஏறுடா" என்றேன்.

அவன் ஏறவில்லை. அங்கேயே நின்று, வீட்டைப் பார்த்தபடி பொட்டலத்தைப் பிரித்தான். ஒரு பருக்கை விடாமல் நின்றுகொண்டே சாப்பிட்டான். கை கழுவ அந்த வீட்டில் தண்ணீர் கேட்கவில்லை. புதுச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.