சொல்லிவிட்டுப் போன பெண்

பிள்ளைகளே, பூந்தமல்லியில் நான் அட்டெண்டராக இருக்கும் மனநல மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வந்த சமூகப்பணி மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஒல்லியான பெண், எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். எந்த நோயாளியிடம் பேசினாலும் முதல் நாளே, "பொங்கல் வரைக்கும்தான் இருப்பேன்" என்று சொல்லிவிடுவாள்.

கடைசி வாரம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "போறவ இன்னாத்துக்கும்மா வந்த?"

"சொல்லாம போனா தேடுவீங்களே, ஐயா."

அன்று அவர் சாப்பிடவில்லை.

அவளுடைய பயிற்சியை மேற்பார்த்த மேடம் என்னைக் கூப்பிட்டார். "இங்கேயே வேலை கேக்குறா. சிபாரிசு பண்ணலாமாண்ணா? பேஷண்ட்டைப் பட்டினி போட்டுட்டாளே."

"பண்ணுங்க மேடம். முன்னாடி வந்த பசங்க சொல்லாம போயிட்டாங்க. இவரு அவங்க வருவாங்கன்னு தினம் வாசல் கேட்டாண்ட போய் நின்னுகினு இருந்தாரு."

மேடம் எழுதிக் கொடுத்தார்.

பயிற்சி முடிந்து அவள் போன மறுநாளும் பெரியவர் தட்டைத் தொடவில்லை. வாசல் கேட்டுப் பக்கமும் போகவில்லை. நான் சொன்னது சரிதானா என்று இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனதும், வார்டுக் கரும்பலகையில் எழுதினேன்: 'நாளையிலிருந்து எனக்கு லீவு. வியாழக்கிழமை வந்துவிடுவேன்.'