டியூன் பகிக்கு டிஸ்க் பிரேக் போட்ட கிழமை

எஞ்சின் வேலை பிழைச்சா வண்டி ஓடாது, பிரேக் வேலை பிழைச்சா வண்டி நிக்காது. ரெண்டுக்கும் ஏச்சு வாங்குறது நம்மதான். பிலிமத்தலாவையில கராஜ் வச்சிருக்கிற நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? நீங்களும் கிரீஸ் கையோட சோறு தின்னவங்கதானே.

வண்டி வந்து இறங்கினது

அக்குறணையில துணிக்கடை வச்சிருக்கிற ஃபரீத் நானா ஒரு டியூன் பகியோட வந்தாரு. கதவும் இல்ல, கூரையும் இல்ல; கடற்கரை மணல்ல ஓட்டுறதுக்காகக் குழாய் வளைச்சுக் கட்டின வண்டி. ஐயோ, பார்த்த உடனே எனக்குக் கை துறுதுறுன்னு வந்திருச்சு!

ஆனா நாலு சில்லுலயும் டிரம் பிரேக். நம்ம மலை இறக்கத்துல நாலு வளைவு மிதிச்சாலே டிரம் சூடாகி, பெடல் தரையில ஒட்டிக்கும். போன கிழமை ஒரு மதில்ல முட்டித்தான் நின்னிருக்கு. பக்கத்துல இருந்தது அவரு மனைவி; ஆஸ்பத்திரியில நர்ஸ், அதால எல்லாருக்கும் அவங்க மிஸ். முன்னுக்கு டிஸ்க் போட்டுத் தாங்கன்னு நானா என் கையைப் பிடிச்சாரு.

"ஞாயித்துக்கிழம கடுகண்ணாவை இறக்கத்துல நிக்காட்டி, திங்கக்கிழம விக்கணுமெண்டு எங்கட ஊட்டுல சொல்லீட்டா, பாஸ். இது போனா நான் மௌத்துதான்."

காத்து எடுத்தது

கொழும்புல இருந்து டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் எல்லாம் வந்துச்சு. பளபளன்னு டிஸ்க் ஏறினப்ப நானும் என் கூட்டாளி சுனிலும் கைதட்டினோம். அந்தக் குஷியில டீ கூடக் குடிக்காம காலிப்பரையும் பூட்டிட்டோம்.

பிறகு காத்து எடுக்கிற வேலை. பிரேக் எண்ணெயில காத்து இருந்தா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அதால ஒருத்தர் மிதிக்க, இன்னொருத்தர் காலிப்பர்ல உள்ள நிப்பிளைத் தொறந்து காத்தை வெளியேத்தணும். சனிக்கிழமை காலையில இருந்து சுனில் மிதிச்சான். மூணு போத்தல் எண்ணெய் போச்சு. பெடல் பஞ்சாவே இருந்துச்சு.

"மச்சான், வண்டி நிக்குதோ இல்லியோ, இனி நான் நடக்க மாட்டேன்."

மிஸ் வந்து பார்த்தது

பின்னேரம் மிஸ் டியூட்டி முடிஞ்சு, வெள்ளை உடுப்போட நானாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பஞ்சுப் பெடலை மிதிச்சுப் பார்த்த நானாவோட முகம் செத்துப் போச்சு. மிஸ் மட்டும் குனிஞ்சு, நிப்பிளையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"சேலைன் ஏத்தக்குள்ள குழாயில காத்து மேலதான் ஏறும். நீங்க ஓட்டைய கீழ வெச்சீக்கிறீங்களே, பாஸ்?"

கடுகண்ணாவை இறக்கம்

இடது காலிப்பரை வலதுலயும், வலதை இடதுலயும் பூட்டியிருந்தோம்! அதால நிப்பிள் கீழ நின்னிருக்கு, காத்து மேல குந்திக்கிட்டு இருந்திருக்கு. இருபது வருஷ அனுபவம், வெட்கக்கேடு! மாத்திப் பூட்டினோம், பத்தே நிமிசத்துல பெடல் கல்லு.

ஞாயித்துக்கிழமை நாலு சில்லுக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சேன், நானா பிஸ்மி சொன்னாரு. பிரேக் பூட்டினவன்தான் முதல்ல ஓட்டணும், அது என் கராஜ் வழக்கம். மிஸ் விடல. என்னையும் நானாவையும் பின்னுக்கு ஏறச் சொல்லிட்டு, தானே ஸ்டீயரிங்கைப் பிடிச்சாங்க. மூணாவது வளைவுல முன்னுக்குப் போன பஸ் சடார்னு நின்னுச்சு. மிஸ் மிதிச்சாங்க. வண்டி ஒரு பக்கமும் இழுக்காம, அப்படியே நேரா நின்னுச்சு! நான் கத்தின கத்துல பஸ்ல இருந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. நானா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இனி விக்கிற கதை இல்லதானேன்னு கேட்டாரு.

"விக்கிறயா? அப்ப நான் டியூட்டிக்கு எதுல போற?"

இப்ப பகி சர்வீசுக்கு மிஸ்ஸோட வருது, ஃபரீத் நானா பின்னால பஸ்ல வாராரு.